மனிதரால் வரும் காட்டுத்தீயையும் கணிக்க முடியும்

"மின்னலால் வரும் தீயை வானிலையை வைத்துக் கணிக்கலாம், மனிதரால் வரும் தீயைக் கணிக்கவே முடியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு.

யார், எந்த நிமிடம் சிகரெட் துண்டை எறிவார் என்று சொல்ல முடியாது, சரி. ஆனால் கணிப்பு கேட்கும் கேள்வி அதுவல்ல. இந்தச் சதுர கிலோமீட்டரில் தீப்பற்ற வாய்ப்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஆள் நடமாட்டமோ மின்கம்பியோ இல்லாத இடத்தில் மனிதரால் தீ தொடங்குவது அரிது. சாலையோரம், ஊர் எல்லை, விளைநிலமும் காடும் ஒட்டும் விளிம்பு, முகாமிடும் இடம் என்று முன்பு தீ தொடங்கிய இடங்கள் வரைபடத்தில் கொத்துக் கொத்தாகத்தான் விழுகின்றன. இவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதோடு புல்லின் உலர்வு, காற்று, விடுமுறை நாள், அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சும் தாளை எரிக்கும் பருவம் எல்லாவற்றையும் சேர்த்தால் பயனுள்ள வரைபடம் கிடைக்கும். எந்தப் பாதையில் காவலர் சுற்ற வேண்டும், எங்கே தீ பரவாமல் செடிகொடிகளை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும் என்று முடிவெடுக்க அது போதும்.

அப்புறம், தீ தொடங்கும் இடமும் அது பெரிதாகும் இடமும் வேறு வேறு. அமெரிக்காவில் 1992 முதல் 2012 வரை பதிவான காட்டுத்தீகளில் 84% மனிதரால் தொடங்கியவை. எரிந்த பரப்பில் அவற்றின் பங்கு 44% மட்டுமே. சாலையோரத் தீ சீக்கிரம் கண்ணில் படும், அணைக்கவும் ஆள் வந்துவிடுவார்கள்.

ஒரு குறை இருப்பது உண்மை: ஆளில்லாத இடத்துச் சின்னத் தீ பல பதிவாவதே இல்லை. அதனால் சாலையோர ஆபத்தை வரைபடம் கொஞ்சம் மிகைப்படுத்தலாம்.