555 புத்தகத்தில் ஒரு எல்விஸ் பாட்டு

போன மாதம் இங்கே மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு கல்யாண டின்னர். எனக்குப் பக்கத்து நாற்காலியில் பெரியப்பா. சொந்தப் பெரியப்பா இல்லை. அப்பாவோடு பட்டர்வொர்த்தில் ரயில்வேயில் வேலை செய்தவர், அதனால் பெரியப்பா. கோழி வந்து போய், மீன் வந்திருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் உடை மாற்றிக்கொண்டு இரண்டாவது தடவையாக உள்ளே நுழைகிற நேரம். மேடையில் இருந்த பையன்கள் ‘கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்’ பாட்டை எடுத்தார்கள், ஜமைக்காவின் ரெக்கே தாளத்தில். சின்னப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஆட ஆரம்பித்தன. பெரியப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

“எல்விஸ் பாட்டுடா இது. இப்படியா கெடுப்பானுங்க? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒண்ணையும் சும்மா விடத் தெரியாது.”

நான் பதில் பேசவில்லை. பெரியவர், அதுவும் சாப்பாட்டு நேரம். ஆனால் பினாங்குப் பாலத்தைத் தாண்டி வீடு வந்து சேரும்வரை அதே நினைப்பு. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அவர் முகநூலில் இல்லை என்ற தைரியம்தான்.

முதலில் அந்தப் பையன்கள் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிடுகிறேன். அந்த ரெக்கே வடிவம் அவர்கள் கண்டுபிடித்தது இல்லை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து யூபி40 குழு 1993-இல் வெளியிட்டது. வேலையில்லாதவர்கள் உதவித்தொகைக்கு நிரப்பும் படிவத்தின் எண்ணையே பெயராக வைத்துக்கொண்ட குழு. அவர்கள் பாடியது அமெரிக்காவில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. எல்விஸ் பாடியது அங்கே இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. இதை அந்த மேசையில் சொல்லியிருந்தால் பெரியப்பாவுக்கு மீன் தொண்டையில் சிக்கியிருக்கும். மேடையில் பாடிய பையனுக்கு மிஞ்சிப்போனால் இருபத்தைந்து வயது. இந்தக் காலத்துக் கூத்து என்று பெரியப்பா திட்டியது, அவன் பிறப்பதற்கு முன்பே பழசாகிவிட்ட ஒன்று.

அப்புறம் அவர்கள் என்னதான் மாற்றினார்கள்? எல்விஸ் பாடியது மூன்று மூன்றாக நடக்கும் பாட்டு. நம் கீபோர்டுக்காரர்கள் ‘சிக்ஸ் எய்ட்’ என்பார்கள், கச்சேரி பாஷையில் திஸ்ர நடை. தொட்டில் ஆடுவது போல இருக்கும். யூபி40 அதை நாலு நாலாக நடக்க வைத்தது. மெட்டு அதே, சொல்லும் அதே. தொட்டிலில் கிடந்த பிள்ளை எழுந்து தெருவில் நடக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அது கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

சரி, எல்விஸுக்கு வருவோம். 1961-இல் ‘புளூ ஹவாய்’ படத்துக்காகப் பாடினார். காதலியின் காதருகே உருகிப் பாடியிருப்பார் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாட்டியின் பிறந்தநாள் விருந்தில் பாடுகிறார். காதலியின் பாட்டிக்கு ஒரு இசைப்பெட்டி பரிசாகக் கொடுக்கிறார், அது ஒலிக்க ஒலிக்கக் கூடவே பாடுகிறார். உலகத்தில் இத்தனை கோடிப் பேர் கல்யாணத்தில் கைகோத்து ஆடும் பாட்டு, முதலில் ஒரு கிழவிக்குப் பாடியது! எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்துவிட்டது.

அந்த மெட்டும் எல்விஸுக்காகப் பிறந்தது இல்லை. 1784-இல் வந்த ‘பிளேசீர் தமூர்’ என்ற பிரெஞ்சுப் பாட்டிலிருந்து வந்தது. மெட்டுப் போட்டவர் மார்தினி. பெயரைக் கேட்டால் இத்தாலிக்காரர் போல இருக்கும், ஆனால் ஜெர்மனியில் பிறந்தவர், பிழைத்தது பிரான்சில். பாட்டை எழுதியவர் ஃப்ளோரியான். அந்தப் பழைய பாட்டு என்ன சொல்கிறது தெரியுமா? காதலின் இன்பம் ஒரு கணம்தான் இருக்கும், காதலின் துன்பம் ஆயுள் முழுக்க இருக்கும் என்கிறது. நம் வள்ளுவர் காமத்துப்பாலில், காமத்தின் இன்பம் கடல் அளவு, அது வருத்தும்போது வரும் துன்பமோ கடலைவிடப் பெரிது என்றாரே, கிட்டத்தட்ட அதே புலம்பல். ஏமாந்தவன் பாடும் பாட்டு. அதே மெட்டில் அமெரிக்காவில் மூன்று பேர் வேறு சொற்களைப் போட்டார்கள். துக்க வீட்டுக்காரன் கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டான். வேடிக்கை என்னவென்றால், அதே 1961-இல் அமெரிக்கப் பாடகி ஜோன் பயஸ் தன் இரண்டாவது இசைத்தட்டில் அந்தப் பழைய பிரெஞ்சுப் பாட்டை அப்படியே பாடியிருக்கிறார். ஒரே வருடம், ஒரே மெட்டு, ஒருவர் வாயில் பிரிவு, இன்னொருவர் வாயில் சேர்க்கை.

இதில் ‘ஒரிஜினல்’ எது, பெரியப்பா?

தமிழர்களுக்கு இது புதுசும் இல்லை. பழைய பக்திப் பாட்டுப் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘இன்ன பாட்டு மெட்டு’ என்று அச்சடித்திருக்கும். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தைப்பூசத்தில் காவடி ஏறும்போது கூட வரும் குழு முருகனைப் பாடும். மெட்டு ஏதோ ஒரு சினிமா டூயட்டாக இருக்கும். யாரும் முகம் சுளிப்பதில்லை, முருகனும்தான். இன்னும் ஒன்று சொல்லலாம். நாம் பள்ளிக்கூடத்துத் திடலில் நெஞ்சு நிமிர்த்தி நின்று பாடிய தேசிய கீதத்தின் மெட்டு பேராக் மாநில கீதத்தின் மெட்டு. அதே மெட்டு ‘தெராங் புலான்’ என்ற பெயரில் கெரோன்சோங் இசைக் குழுக்களும் பங்சாவான் என்ற மலாய் நாடகக்காரர்களும் பாடிய நிலாக் காதல் பாட்டாகவும் ஊரெல்லாம் சுற்றியது. 1957-இல் நாட்டின் கீதமான பிறகு அந்த மெட்டை வேறு மாதிரி பாடக் கூடாது என்று தடை வந்தது. காதல் பாட்டாய் அலைந்த மெட்டுக்கு எழுந்து நின்று மரியாதை செய்யும் ஊர்க்காரர்கள் நாம்.

ஆனால் மெட்டு எல்லாருக்கும் பொது என்று சொல்லும்போது ஒரு இடத்தில் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எல்விஸ் பாட்டை எழுதிய பெரெட்டி, கிரியேட்டோர், வைஸ் மூவரின் பெயரும் அதே 1961-இல் வந்த ‘த லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ பாட்டிலும் இருக்கிறது. அந்தப் பாட்டின் வேர், தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939-இல் பதிவு செய்த ‘ம்புபே’. 1961-இல் மார்தினி செத்துக் கிட்டத்தட்ட நூற்றைம்பது வருடம் ஆகியிருந்தது, அவருக்கு நஷ்டம் இல்லை. லிண்டா அப்போது உயிரோடு இருந்தார். அடுத்த வருடம் வறுமையில் செத்தார். குடும்பத்துக்கு ஒரு சமரசத் தீர்வு கிடைத்தது 2006-இல். ஆகவே பாட்டை எடுத்துப் பாடுவது வேறு, பாடினவன் பெயரையும் காசையும் சேர்த்து எடுத்துக்கொள்வது வேறு. பெரியப்பா இதற்குக் கோபப்பட்டிருந்தால் நானும் கரண்டியைக் கீழே வைத்திருப்பேன்.

இந்தப் பாட்டு ஏன் சாகவில்லை என்பதற்கு என்னிடம் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் கிடையாது. ஆனால் மேடைக்குக் கீழே உட்கார்ந்து நாற்பது வருடமாகக் கேட்கிறேன். அது மெதுவான பாட்டு. உச்சிக்குப் போய்க் கத்த வேண்டிய இடம் எதுவும் இல்லை. குரல் இல்லாதவனும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் கரை சேரலாம். இங்கிலாந்தில் சண்டர்லாந்து கால்பந்துக் குழுவின் ரசிகர்கள் திடலில் ஆயிரக்கணக்கில் நின்று இதைப் பாடுவார்கள். மாமாக் சாப்பாட்டுக் கடைத் திரையில் பார்த்திருக்கிறேன். ஒருத்தர் குரலும் சுருதியில் இல்லை, மொத்தமாகக் கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது. எல்விஸே கடைசி வருடங்களில் கச்சேரியை இதோடுதான் முடிப்பார். 1977 ஜூனில் இண்டியானாபொலிசில் அவர் மேடையில் கடைசியாகப் பாடியதும் இதுதான்.

அதற்கு நேர்மாறாக, கிசுகிசுப்பது போலவும் பாடலாம். 2018-இல் வந்த ‘கிரேசி ரிச் ஏஷியன்ஸ்’ படத்தின் கல்யாணக் காட்சியில் பாடகி கினா கிரானிஸ் அப்படித்தான் பாடினார். படத்தில் மாஜோங் என்ற சீனக் கட்டை விளையாட்டு வரும் காட்சி நம்ம ஜார்ஜ்டவுன் லீத் சாலையில் இருக்கும் சியோங் ஃபட் சீ நீல மாளிகையில் எடுத்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனாலே யாராவது போன் தூக்கி நிற்கிறார்கள். (சிங்கப்பூர்க் கதை, பாதி நம் நாட்டில் எடுத்தது. ஆனால் அதில் இந்திய முகம் என்று எனக்கு நினைவில் நிற்பது வாசலில் நின்ற காவலாளிகள்தான். அது வேறு பதிவு.) அந்தப் படத்துக்கு அப்புறம் இங்கே எத்தனையோ கல்யாணங்களில் பெண் நடந்து வரும்போது இந்த மெல்லிய வடிவம்தான் ஒலிக்கிறது.

இப்போது அப்பாவின் கதை.

அப்பா சனி, ஞாயிறுகளில் ஒரு சின்ன இசைக்குழுவில் பாடுவார். தமிழ்ச் சினிமாப் பாட்டு நிறைய, மலாய்ப் பாட்டு கொஞ்சம், சீன நண்பர்கள் வந்திருந்தால் ஒரே ஒரு இங்கிலீஷ் பாட்டு. அது இது. அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. சீனர் கோப்பிக் கடையில் ரெடிஃப்யூஷன் என்ற கம்பிவழி வானொலிப் பெட்டியில் வரும்போது கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டார். பெட்டியைத் திருப்பிப் போடச் சொல்ல முடியாது. ஒரு தடவைக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். எழுதியது எதில் என்றால், மளிகைக் கடைக் கடன் கணக்கு எழுதும் 555 புத்தகத்தில். சட்டைப் பையில் எப்போதும் இருந்தது அது ஒன்றுதான். அதில் ‘ஹெல்ப்’ என்பது ‘எல்ப்’. ‘ஃபாலிங்’ என்பது ‘பாலிங்’. சில வரிகளுக்கு எந்த மொழியிலும் பொருள் கிடையாது. பாடும்போது ஒவ்வொரு வரியின் வாலையும் நம் ஊர் வழக்கப்படி ஒரு வளைவு வளைத்து, ஒரு குழைவு குழைத்துத்தான் விடுவார்.

எனக்குப் பதினாலு வயது. அப்போதுதான் எல்விஸ் கேசட் ஒன்று கையில் கிடைத்திருந்தது. ஒரு டின்னர் முடிந்து வரும் வழியில் சொன்னேன்: “அப்பா, அந்த இங்கிலீஷ் பாட்டை இனிமேல் பாடாதீங்க. கெடுக்கிறீங்க.”

அதே வார்த்தைதான். கெடுக்கிறீங்க.

அப்பா “சரிப்பா” என்றார். அதற்குப் பிறகு நான் இருந்த எந்த இடத்திலும் அவர் அதைப் பாடிக் கேட்டதில்லை. நான் இல்லாத இடத்தில் பாடினாரா என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவர் குரல் ஒரு கேசட்டில்கூட இல்லை.

இப்போது செத்தவர்கள் குரலையே ஏஐ வைத்து வரவழைக்கலாம். ஏ. ஆர். ரஹ்மான் 2024-இல் ‘லால் சலாம்’ படத்தில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் அப்படிக் கொண்டுவந்தார், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்து. முறையாகச் செய்தார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் யூடியூபில் எந்த முறையும் இல்லாமல், எல்விஸ் அந்தப் பாட்டைப் பாடுகிறார், இந்தப் பாட்டைப் பாடுகிறார் என்று குவிகிறதே, அதைக் கேட்டால் எனக்கு ஒவ்வாது. ஒருவன் பாடின பாட்டை இன்னொருவன் தன் மூச்சில், தன் நாக்கில் வாங்கிப் பாடினால்தான் எனக்கு அது பாட்டு. ‘பாலிங்’ என்று பாடினாலும் சரி. அப்பாவின் குரல் பதிவாகியிருந்தாலும் அதை வைத்து நான் எதையும் செய்யச் சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இரவு இரண்டு மணிக்குக் கேட்டால் வேறு பதில் வரலாம்.

டின்னருக்கு மறுநாள் மகள் உக்குலேலேயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பாட்டை அவளும் வாசிக்க வேண்டுமாம். வரிகளுக்குப் போனைத் தேடினாள். நான் அலமாரியிலிருந்து 555 புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள், தாத்தாவின் கையெழுத்தை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டாள். இடம் பற்றாமல் பாட்டு வரிகளுக்கு நடுவே கடன் கணக்கும் வருகிறது. அவள் எதையும் விடவில்லை. ‘எல்ப்’, ‘பாலிங்’ எல்லாம் பாடி, அதே மெட்டில், அதே மெதுவில், சீனி ரெண்டு கிலோ, நெத்திலி அரைக் கிலோ, மைலோ ரெண்டு டின் என்று இழுத்துக்கொண்டே போனாள். ஒன்றும் இடறவில்லை.

சமையலறையிலிருந்து அம்மா சத்தம் போட்டார்: “மைலோ ஒண்ணுதான். இன்னொண்ணு திருப்பிக் கொடுத்தாச்சு. அதை அடிச்சிடச் சொல்லு.”