"கார்டைக் காட்டினா போதும்" என்று சொல்லி விற்கிறார்களே, மிச்சத்தை யார் சொல்வது?

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை வெட்டுகிறவர், ஈப்போவுக்கு பேக்டரி பஸ் ஏறுகிறவர், தோட்டத்தை விட்டு வந்து தாமான் குடியிருப்பில் மலிவு வீடு வாங்கியவர் என்று யாருடைய பர்சைத் திறந்தாலும் ஐசி என்கிற அடையாள அட்டைக்குப் பின்னால் காப்புறுதிக் கம்பெனி கொடுத்த ஒரு மெடிக்கல் கார்டு இருக்கிறது. மாதம் பிறந்தால் இருநூறு, முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) பேங்கிலிருந்து கழிகிறது. அந்தக் காசு எங்கே போகிறது, படுத்தால் ஆஸ்பத்திரி பில்லில் யார் எவ்வளவு கட்டுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியாது. தெரியாதது அவர்கள் குற்றமா? விற்றவன் சொல்லவே இல்லையே!

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். காலமெல்லாம் பால்மரம் சீவிய உடம்பு. ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கார்டையும் ஐசியையும் நீட்டியதும் கவுண்டரில், "கம்பெனியிலிருந்து கேரண்டி லெட்டர் வரணும், அதுவரைக்கும் டெப்போசிட் கட்டுங்க" என்றார்கள். அந்தக் கார்டுக்கு எதையும் கட்டும் சக்தி கிடையாது என்பது அந்த இடத்தில்தான் நமக்குத் தெரிய வருகிறது. ஆஸ்பத்திரி கம்பெனிக்கு எழுதிக் கேட்கும். கம்பெனி, அல்லது கம்பெனி அமர்த்திய நிர்வாக நிறுவனம், ஒரு தொகைக்கு உத்தரவாதக் கடிதம் அனுப்பும். வீட்டுக்குப் போகும் நாளில் முழு பில்லும் மறுபடி அவர்களிடம் போகும். வரி வரியாகப் பார்த்து, இது கட்டுவோம், இது கட்டமாட்டோம் என்று கோடு போட்டு இறுதிக் கடிதம் அனுப்புவார்கள். டாக்டர் காலையிலேயே "போகலாம்மா" என்று சொல்லிவிட்டார். அம்மா சேலை மாற்றிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவர், பொழுது சாயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கடிதம் வந்தது. நாங்கள் கட்டவேண்டியது 2,640 வெள்ளி.

எப்படி? அம்மாவின் திட்டத்தில் அறைக்கு ஒரு நாளைக்கு 150 வெள்ளி. சேர்க்கும்போது "230 வெள்ளி ரூம்தான் காலியா இருக்கு" என்றார்கள். எண்பது வெள்ளி வித்தியாசம், மூன்று நாளைக்கு 240, சரி, கட்டிவிடலாம் என்று தலையாட்டினோம். ஆனால் பாலிசியின் உள்பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: தகுதிக்கு மேற்பட்ட அறையில் தங்கினால், அறுவைச் சிகிச்சை, மருந்து எல்லாம் சேர்ந்த மற்ற செலவிலும் 20 விழுக்காட்டை நோயாளியே ஏற்கவேண்டும். மற்ற செலவு 12,000 வெள்ளி. அதில் 2,400 எங்கள் தலையில். பழைய திட்டங்கள் பலவற்றில் இந்த நிபந்தனை உண்டு. அறை கொடுத்த கவுண்டருக்கு இது தெரியாதா? தினமும் இதே வேலையைத்தானே பார்க்கிறார்கள்! "இந்த ரூம் எடுத்தா உங்க கார்டுல இப்படி ஆகும்கா, ரெண்டு ஆள் ரூம் தேடிப் பார்க்கவா?" என்று ஒரு வாய் சொல்லியிருந்தால் தம்பி அன்று கிரெடிட் கார்டைத் தேய்த்திருக்க வேண்டாம்.

பில்லையாவது ஒழுங்காகப் படிக்க முடிகிறதா? தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டரின் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது. மருந்து, பஞ்சு, கையுறை, அறுவைக்கூடப் பொருள்களுக்கு அப்படி வரம்பு இல்லை. பில் வீங்குவது அங்கேதான். அந்த வீக்கம் கிளேம் ஆகிறது, கிளேம் ஏறினால் எல்லாருடைய சந்தாவும் ஏறுகிறது. ஆஸ்பத்திரி கம்பெனியைக் கைகாட்டுகிறது, கம்பெனி ஆஸ்பத்திரியைக் கைகாட்டுகிறது. நடுவில் நிற்பது நாம்.

இதைவிட என் வயிறு எரிவது மாதச் சந்தா விஷயத்தில். நம் ஆட்களிடம் விற்றதில் பாதிக்கு மேல் முதலீட்டோடு இணைந்த பாலிசி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெருவில் யார் காகிதத்தைக் காட்டினாலும் அதுவாகவே இருக்கிறது. நாம் கட்டும் 200 வெள்ளி அப்படியே காப்புறுதிக்குப் போவதில்லை. ஆரம்ப வருடங்களில் ஒரு பகுதி கமிஷனுக்கும் நிர்வாகத்துக்கும் போகிறது. மீதியில் முதலீட்டு யூனிட் வாங்குகிறார்கள். பிறகு மாதா மாதம் அந்த யூனிட்டை விற்றுக் காப்புறுதிக் கட்டணத்தைக் கழிக்கிறார்கள். அது தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி மாதிரி: மேலே நாம் ஊற்றுகிறோம், கீழே குழாய் திறந்தே இருக்கிறது, வயது ஏற ஏறக் குழாயின் வாய் பெரிதாகிறது. நாம் ஊற்றுவது மட்டும் அதே அளவு. தொட்டி வற்றினால் பாலிசி செத்துப்போகும். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவருக்கும் இதே கதிதான்!

"கஷ்டமா இருந்தா கொஞ்ச மாசம் கட்டாம விடலாம் ஆன்டி, ஒன்னும் ஆகாது" என்று ஏஜென்ட் தம்பி எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கட்டாமல் விடலாம், உண்மை. அந்த மாதங்களிலும் யூனிட் கழிந்துகொண்டே இருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. இப்போது அந்த அக்காவுக்குக் கடிதம் வந்திருக்கிறது: கூடுதலாகக் கட்டுங்கள், இல்லையேல் பாதுகாப்பு முன்கூட்டியே முடிந்துவிடும். கடிதம் ஆங்கிலத்தில். அவர் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை. அந்த ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை.

2024 கடைசியில் சந்தா 40, 70 விழுக்காடு ஏறியதாக நாடெங்கும் சத்தம் கிளம்பியது. டிசம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பரப்பவேண்டும் என்றது. 60 வயதைத் தாண்டி அடிப்படைத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருடம் உயர்வை நிறுத்திவைக்கவேண்டும் என்றது. விலையேற்றத்தால் 2024-இல் பாலிசியைக் கைவிட்டவர்கள் புதிய உடல்நலச் சோதனைக் கெடுபிடி இல்லாமல் மீண்டும் சேரலாம் என்றது. நல்ல உத்தரவு. எங்கள் தெருவில் ஏற்கெனவே பாலிசியை விட்டுவிட்ட பெரியவர்களிடம் இதை வந்து சொன்ன ஏஜென்ட் ஒருவராவது உண்டா? விற்க வரும்போது தீபாவளி பலகாரத்தோடு வரத் தெரிகிறதே!

அதோடு "பழசை விடுங்க, புதுசு போடலாம்" என்று வருகிறவர்களிடம் உஷாராக இருங்கள். புது பாலிசியில் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். பொதுவான நோய்க்கு 30 நாள். ரத்த அழுத்தம், இனிப்பு நீர், இருதயம், கல் போன்றவற்றுக்கு 120 நாள். ஐம்பது வயதில் சர்க்கரையோடு இருப்பவரைப் புதுசுக்கு மாற்றினால் அந்த நோயையே விலக்கிவிட்டு எடுத்துக்கொள்வார்கள், அல்லது எடுக்கவே மாட்டார்கள். ஏஜென்டுக்குப் புதுக் கமிஷன் கிடைத்துவிடும்.

2024 செப்டம்பரிலிருந்து கம்பெனிகள் நோயாளியும் பங்கு கட்டும் திட்டங்களை வழங்கியே ஆகவேண்டும்: பில்லில் குறைந்தது 5 விழுக்காடு, அல்லது முதல் 500 வெள்ளி. சந்தா குறையும் என்று இதைத்தான் இனி நம்மிடம் விற்பார்கள். அவசரச் சிகிச்சைக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பங்கு கிடையாது. வாங்குகிறவர் 5 விழுக்காட்டுக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது கவுண்டரில் செல்லாது.

எங்கள் 2,640 வெள்ளியை நான் விடுவதாக இல்லை. கம்பெனிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தாகிவிட்டது, பில்லின் முழு விவரத்தையும் சேர்த்து. அவர்கள் பதில் சரியில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் எஃப்எம்ஓஎஸ் என்கிற நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். 2025 ஜனவரியிலிருந்து இயங்குகிறது, நமக்குச் செலவில்லை. பேங்க் நெகாராவைக் கேட்க 1-300-88-5465. பக்கத்து வீட்டு அக்காவின் கடிதத்தையும் கையில் எடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கடிதம் சாமி மேடைக்குக் கீழே பிரிக்காமல் கிடந்தால், இன்றைக்கே பிரித்து, ஆங்கிலம் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து, எந்தத் தேதிக்குள் என்ன கட்டச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.