சங்கத்தில் சேர்ந்தவருக்கு முதல் மாதமே ஒரு வேலை கொடுங்கள்

ஜூன் மாதம் வந்துவிட்டால் நம் ஊர் ரோட்டரி சங்கங்களில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். பதவி முடியப்போகும் தலைவர், "என் வருஷத்தில் இத்தனை பேரைச் சேர்த்தேன்" என்று கணக்குக் காட்ட ஆள் தேடிக்கொண்டிருப்பார். அதே வாரத்தில் செயலாளர், பட்டியலில் யார் யாரை எடுத்துவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஜூலை 1, ஜனவரி 1 என்ற இரண்டு தேதிகளில் எத்தனை பெயர் பதிவில் இருக்கிறதோ, அத்தனை பேருக்கும் சர்வதேசச் சந்தா கட்டியாக வேண்டும். ஆறு மாதமாகத் தலைகாட்டாதவர் பெயரை ஜூன் 30க்குள் நீக்காவிட்டால், அவருக்கான பணம் சங்கத்தின் தலையில்தான் விழும்.

2021-22இல் ரோட்டரியின் உலகத் தலைவராக இருந்த கொல்கத்தாவின் சேகர் மேத்தா, ஒவ்வொரு உறுப்பினரும் ஒருவரை அழைத்து வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 12 லட்சத்தை 13 லட்சமாக்குவது இலக்கு. நல்ல நோக்கம், ஊர் ஊராக வேலையும் நடந்தது. ஆனாலும் உலக எண்ணிக்கை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த 12 லட்சத்தைச் சுற்றியேதான் நிற்கிறது. சேருகிற வேகத்திலேயே ஆட்கள் வெளியேறுகிறார்கள் என்பதுதான் இதற்கு அர்த்தம். இந்த நிலையில் இன்னொரு ஆள்சேர்ப்பு இலக்கு வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தான் வராவிட்டால் நின்றுபோகும் ஒரு வேலை கையில் இருக்கும் உறுப்பினர் அவ்வளவு எளிதில் சங்கத்தை விட்டுப் போவதில்லை. சட்டையில் குத்திய பின்னுக்காகவோ, கூட்டத்துச் சாப்பாட்டுக்காகவோ, சிறப்பு விருந்தினர் பேச்சுக்காகவோ யாரும் பத்து வருஷம் இருப்பதில்லை. ஆனால் நம் சங்கங்களில் நாற்பது பேர் இருந்தால், உண்மையான வேலை ஏழெட்டுப் பேர் கையில்தான். மற்றவர்கள் கைதட்ட வருகிறவர்கள். கைதட்ட ஒருவர் எத்தனை நாள் வருவார்?

ஒரு கண் சிகிச்சை முகாமையே எடுத்துக்கொள்வோம். 1925இல், பார்வையும் செவியும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர், ரோட்டரியைப் போன்ற இன்னொரு சேவை அமைப்பான லயன்ஸ் மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்காகப் பாடுபடும்படி கேட்டுக்கொண்டதிலிருந்து கண் சம்பந்தமான சேவை லயன்ஸ் சங்கங்களின் அடையாளமாகிவிட்டது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்களை ஊர் ஊராக ஏற்று நடத்தியதில் லயன்ஸ், ரோட்டரி சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மருத்துவரும் கருவிகளும் மருத்துவமனையிலிருந்து வந்துவிடும். மற்றதெல்லாம் நம் பொறுப்பு.

அதில் எத்தனை வேலை இருக்கிறது பாருங்கள். தலைமையாசிரியரைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைக்கு வகுப்பறைகளைக் கேட்டு வாங்க வேண்டும். சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஒரு வாரம் முன்பே நோட்டீஸ் போய், முதல் நாள் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு செய்ய வேண்டும். பதிவு மேசைக்குக் கையெழுத்து தெளிவாக உள்ள நான்கு பேர் வேண்டும். பார்வை சோதிக்கும் அறையில் வெளிச்சமும், அட்டை மாட்டச் சரியான தூரமும் வேண்டும். வரிசையில் நிற்கும் முதியவர்களுக்கு பெஞ்சும் குடிநீரும் வேண்டும். அறுவை சிகிச்சைக்குத் தேர்வானவர்களை அன்றே பேருந்தில் ஏற்றுவதற்குள், "மகனைக் கேட்காமல் வரமாட்டேன்" என்று தயங்கும் பாட்டியின் வீட்டுக்குப் போன் போட்டுப் பேச வேண்டும். இந்தக் கடைசி வேலையை ஒழுங்காகச் செய்யாததால்தான் தேர்வானவர்களில் பலர் பேருந்தில் ஏறாமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு, சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்து நடக்கும் மறுபரிசோதனைக்கு, சிகிச்சை பெற்றவர்களைத் திரும்ப வரவழைக்க வேண்டும்.

எண்ணிப் பார்த்தால் பதினைந்து பேருக்குத் தனித்தனியாகப் பொறுப்பு கொடுக்கலாம். நாம் என்ன செய்கிறோம்? திட்டத் தலைவர் ஒருவரே எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்கிறார். புதிதாகச் சேர்ந்தவர் காலை பத்து மணிக்கு வந்து, பேனர் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, பதினொரு மணிக்குக் கிளம்புகிறார். அந்தப் பாட்டியின் மகனிடம் போனில் பேசும் பொறுப்பை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். மறுபரிசோதனை நாளன்று பாட்டி வந்துவிட்டாரா என்று அவரே முதல் ஆளாக வந்து பார்ப்பார்.

முகாம் இல்லாத மாதங்களுக்கும் வேலை உண்டு. ரத்த தானம் செய்தவர்கள் பட்டியல் எல்லாச் சங்கங்களிலும் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் பழைய நோட்டில் தூங்குகிறது. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். வயது 18க்கு மேல், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். யாருக்கு எப்போது நாள் வருகிறது என்று தேதிவாரியாக வைத்து, வாரம் ஐந்து பேருக்குப் போன் செய்வது ஒரு புது உறுப்பினர் தனியாக ஏற்று நடத்தக்கூடிய வேலை. மூன்று மாதத்தில் ஊர் ரத்த வங்கியில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

ஆகவே ஆளை அழைக்கும் வரிசையையே மாற்ற வேண்டும். இப்போது முதலில் கூட்டத்துக்கு அழைக்கிறோம், அங்கேயே விண்ணப்பத்தை நீட்டுகிறோம். முதலில் ஒரு முகாமுக்கு அழையுங்கள், கையில் வேலை கொடுங்கள். இரண்டாவது முறை அவரே கேட்டு வந்தால் கூட்டத்துக்கு அழையுங்கள். அதன் பிறகு விண்ணப்பம். இடையில் இரண்டு மாதம் போகட்டும், ஒன்றும் கெட்டுவிடாது. பெயரை உறுப்பினர்களுக்குத் தெரிவித்து, ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் கொடுக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். அவசரமாகச் சேர்த்த ஒருவரால் பழைய உறுப்பினர் இருவர் விலகுவது நம் ஊர்களில் புதிதல்ல.

பணத்தைப் பற்றி விண்ணப்பம் கொடுக்கும்போதே முழுதாகச் சொல்லிவிட வேண்டும். சர்வதேசச் சந்தா, மாவட்டச் சந்தா, கூட்டச் சாப்பாடு, பதவியேற்பு விழாப் பங்கு, அறக்கட்டளை நன்கொடை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். சந்தாத் தொகை அதிகம் என்று விலகுகிறவர்கள் குறைவு. மேடையில் பெயர் சொல்லி, "நம்ம அண்ணன் பத்தாயிரம் தருவார்" என்று அறிவித்தால், எழுந்து மறுக்க முடியாமல் கொடுத்துவிட்டு அடுத்த மாதத்திலிருந்து வராமல் போகிறவர்கள்தான் அதிகம்.

சாப்பாட்டுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஓட்டலில் 35 இலைக்கு உறுதி கொடுக்கிறோம், 22 பேர் வருகிறார்கள். இலை 250 ரூபாய் என்றால் ஒரு கூட்டத்துக்கு 3,250 ரூபாய் வீண். மாதம் இரண்டு கூட்டம், வருஷத்துக்கு 24 கூட்டம் என்றால் 78,000 ரூபாய். அந்தப் பணத்தில் நல்ல முகாமே நடத்தலாம். மாலை நேரத்தில் காபியோடு கூட்டத்தை முடித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு விருந்து வைத்தால் போதும்.

கூட்டத்தின் நேரமும் ஆளை விரட்டுகிறது. ஏழரைக்கு என்று போட்டு எட்டேகாலுக்குத் தொடங்கி, மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளித்து, பொன்னாடையும் நினைவுப் பரிசும் முடிய மணி பத்து ஆகிறது. கடை வைத்திருக்கிறவர் அந்த நேரத்துக்கு வரமுடியாது. கைக்குழந்தை உள்ளவர்கள் இருக்கமுடியாது. ஒரு மணி நேரம், அதற்கு மேல் கால் மணி, அவ்வளவுதான். ரோட்டரியில் 2016லிருந்தே கூட்ட முறையைச் சங்கங்கள் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி இருக்கிறது. நாம்தான் பயன்படுத்துவதில்லை.

பெண்கள் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. பெண்களைச் சேர்த்த டுவார்ட்டி ரோட்டரி சங்கத்தின் வழக்கில் 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது, 1989இல் ரோட்டரி பெண்களும் சேரலாம் என்று தன் விதியையே மாற்றியது. இத்தனை வருஷம் கழித்தும் நம் ஊர்ச் சங்கங்கள் பலவற்றில் பெண்கள் என்றால் உறுப்பினரின் மனைவி என்ற இடத்தில்தான் உட்கார வைக்கிறோம். உறுப்பினராகச் சேர்ந்த வழக்கறிஞருக்கும் கல்லூரிப் பேராசிரியருக்கும்கூட குத்துவிளக்கு ஏற்றுவதும் வரவேற்புக் குழுவும்தான் கிடைக்கின்றன. பொருளாளர் பதவியைக் கொடுங்கள், திட்டத் தலைவர் பதவியைக் கொடுங்கள். இல்லையென்றால் அவர்கள் இரண்டாவது வருஷம் இருக்க மாட்டார்கள், இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

புதியவரை அறிமுகப்படுத்தியவரையே அவருக்கு வழிகாட்டியாகப் போடுவது இன்னொரு கோளாறு. அறிமுகப்படுத்தியவருக்கு ஒரு கோஷ்டி இருக்கும், புதியவரும் அந்தக் கோஷ்டியின் ஆளாகிவிடுவார். பல சங்கங்கள் சேர்ந்த ரோட்டரி மாவட்டத்துக்குத் தலைவரான மாவட்ட ஆளுநர் தேர்தல் வரும்போது இரண்டு பேருமாகச் சேர்ந்து வெளியேறுவார்கள். வேறு தொழிலில் உள்ள, மூன்று வருஷமாவது பழகிய ஒருவரை மூன்று மாதத்துக்குத் துணையாகப் போடுங்கள். கூட்டத்தில் பக்கத்தில் உட்காரவேண்டியதும், வாரம் ஒருமுறை பேசவேண்டியதும் அவர் பொறுப்பு.

தொடர்ந்து இரண்டு கூட்டம் வராதவருக்கு யாராவது போன் செய்ய வேண்டும். மூன்றாவது கூட்டம்வரை பொறுத்தால் தாமதம். அந்தப் போனில் சந்தா பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. நம்மிடமிருந்து வருகிற ஒரே போன் பாக்கிக்காக என்றால், அடுத்த முறை அவர் எடுக்கவே மாட்டார். பாக்கியைப் பொருளாளர் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

விலகுகிறவர் எல்லோரும் "நேரமில்லை" என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள். அதை நம்பி ஃபைலில் போட்டு மூடாமல், பதவியில் இல்லாத ஒரு மூத்த உறுப்பினர் போய் அரைமணி நேரம் பேசட்டும். திரும்ப அழைக்கப் போக வேண்டாம், காரணம் கேட்கப் போனால் போதும். சொன்னதைப் பெயர் இல்லாமல் நிர்வாகக் குழுவில் வைக்கலாம். விலகியவரின் எண்ணை ரத்த தானப் பட்டியலிலிருந்து மட்டும் எடுத்துவிடாதீர்கள். முகாம் அறிவிப்பு அவருக்கும் போகட்டும். மறுபடி சேர விரும்பினால் நுழைவுக் கட்டணம் வேண்டாம் என்று இந்த ஜூலைக்குள்ளேயே தீர்மானம் போட்டு வையுங்கள்.