கடலூர் ரிஃபைனரி வந்திருந்தால் பெட்ரோல் மலிந்திருக்குமா?

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு புலம்பல் தவறாமல் வரும்: "நாகார்ஜுனா மட்டும் ஓடியிருந்தா இன்னைக்கு நமக்கு இந்த நிலைமையா?" போன வாரமும் வந்தது. வேலைவாய்ப்பை நினைத்துப் புலம்பினால் அதில் நியாயம் இருக்கிறது. பெட்ரோல் விலையை நினைத்துப் புலம்பினால் அர்த்தமே இல்லை.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் கதை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், பெரியகுப்பம் பக்கம் ஆண்டுக்கு 60 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை (ரிஃபைனரி) ஒன்றை நாகார்ஜுனா நிறுவனம் எழுப்பிக்கொண்டிருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த அதே காற்று அந்தக் கட்டுமானத்தையும் விட்டுவைக்கவில்லை. அப்புறம் கடன், திவால், ஏலம் என்று இழுத்துக்கொண்டே போய், இப்போது ஹால்தியா பெட்ரோகெமிக்கல்ஸ் கைக்குப் போயிருக்கிறது. நடுவில் காவலுக்கு ஆளிருந்தும் உள்ளேயிருந்த இரும்பைக் கும்பல் கும்பலாக வந்து அறுத்துக்கொண்டு போனார்கள். ஆலையில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்த ஊரில், கடைசியில் ஆலையே பழைய இரும்புக் கடைக்குப் போனது.

சரி, அது ஓடியிருந்தால் பெட்ரோல் மலிவாகக் கிடைத்திருக்குமா? இதற்குப் பதில் ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டினாலே கிடைத்துவிடும். கடலூர் வண்டிகள் பெண்ணையாற்றுப் பாலம் ஏறி, புதுச்சேரி எல்லைக்குள் கன்னியகோயில் பங்க்கில் போய் வரிசை கட்டுகின்றன. லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. இத்தனைக்கும் புதுச்சேரியில் ரிஃபைனரி எதுவும் இல்லை. அங்கே வாட் வரி குறைவு, அவ்வளவுதான். பக்கத்திலேயே ஆலை இருப்பதால் பங்க் விலை இறங்கும் என்றால், சென்னையில் ரிஃபைனரியை ஒட்டியே வாழும் மணலிக்காரர்களுக்கு இந்நேரம் பாதி விலைக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால் சுத்திகரிப்புத் திறன் ஆண்டுக்குச் சுமார் 25 கோடி டன். நாம் பயன்படுத்துவது அதைவிடக் கொஞ்சம் குறைவு. குஜராத்தின் ஜாம்நகர் ஆலைகளிலிருந்து டீசலும் பெட்ரோலும் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகின்றன. நம்மிடம் இல்லாதது கச்சா எண்ணெய். அதில் 100 லிட்டருக்கு 85 லிட்டருக்கு மேல் இறக்குமதிதான். பெரியகுப்பத்தில் ஆலை இருந்திருந்தாலும் வளைகுடாவிலிருந்து வரும் கப்பலுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டை மட்டும் தனியாகப் பார்த்தால் பற்றாக்குறை உண்மைதான். மணலியில் 1.05 கோடி டன். நாகப்பட்டினம் பக்கம் நரிமணம் எண்ணெயை நம்பி 1993இல் வந்த சிறிய ஆலையை 2019இல் மூடிவிட்டார்கள். வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதி வந்ததும் எரிபொருளில் கந்தக அளவை பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்குக்கு இறக்க வேண்டியிருந்தது. அந்தக் கருவிகளைப் போட்டு ஓட்டும் அளவுக்கு அது பெரிய ஆலை இல்லை. அதே இடத்தில் 90 லட்சம் டன் ஆலைக்கு 2021இல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு நிலம் கொடுத்த விவசாயிகள் மறுவாழ்வுத் தொகை கேட்டுப் போராடியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

ரிஃபைனரி பற்றி இன்னொரு விஷயத்தையும் யாரும் பேசுவதில்லை. வேண்டியதை மட்டும் அதில் வடித்தெடுக்க முடியாது. கச்சா எண்ணெயைக் காய்ச்சினால் கேஸ், நாப்தா, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், அடியில் தார் என்று எல்லாம் சேர்ந்துதான் வரும். மேற்கொண்டு கருவிகளைப் போட்டு அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம், அவ்வளவுதான். இதில் சமையல் கேஸ் பங்கு ரொம்பச் சிறியது. அதனால்தான் இத்தனை ஆலைகள் இருந்தும் கேஸில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறோம். வீட்டுச் செலவில் மாதாமாதம் கடிக்கும் சிலிண்டருக்குப் புது ரிஃபைனரி பெரிதாக எதுவும் செய்துவிடாது.

கரும்பிலிருந்து எடுத்துப் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் இதே சிக்கலில்தான் மாட்டுகிறது. நெல்லிக்குப்பம் கரும்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், அதனால் எத்தனால் என்றதும் நமக்கு ஒரு சொந்தப் பாசம் வரும். பெட்ரோலில் 20 சதவீதம் கலந்தாகிவிட்டது. ஆனால் அது பெட்ரோலுக்குத்தான் மாற்று, நாட்டில் அதிகம் செலவாவது டீசல். தண்ணீர் குடிக்கும் பயிரை வண்டிக்காக இன்னும் விரிவாக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சர்க்கரை ஆலைகள் விவசாயிக்கு நிலுவை வைக்காமல் பணம் கொடுக்க இது உதவுமானால் அந்த அளவுக்குச் சரி.

ஆகவே டீசலில் கை வைக்க வேண்டும். ரயில்வே வைத்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து கடலூர் வழியாக மயிலாடுதுறை, தஞ்சாவூர் வரை பாதை மின்மயமாகிவிட்டது. அடுத்தது பஸ். கடலூர் - புதுச்சேரி தடத்தை யோசித்துப் பாருங்கள். இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர், மேடு பள்ளமே இல்லாத சாலை, விடியற்காலையிலிருந்து இரவு வரை கூட்டம், இரண்டு முனையிலும் பஸ் ஸ்டாண்ட். மின்சாரப் பேருந்துக்கு இதைவிட லாயக்கான தடம் கிடைப்பது கஷ்டம். சென்னையில் 2025 ஜூனிலேயே மாநகரப் போக்குவரத்தில் மின்சாரப் பேருந்துகள் ஓட ஆரம்பித்துவிட்டன. இங்கே மஞ்சக்குப்பத்தில் டவுன் பஸ் கிளம்பும்போது பின்னால் டூவீலரில் நிற்பவர் இன்னும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்.

"அந்தக் கரண்ட் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில்தானே வருது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், நெய்வேலிக்காக நிலம் இழந்தவர்கள் இருக்கும் மாவட்டத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ஆனால் டீசல் எஞ்சின் எரிப்பதில் பாதிக்கு மேல் வெறும் சூடாகப் போய்விடும், மோட்டாரில் அந்த வீணடிப்பு குறைவு. தமிழ்நாட்டு மின்சாரத்தில் காற்றும் வெயிலும் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. டீசல் என்றைக்கும் டீசல்தான்.

வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. பகலில் இன்டக்ஷன் அடுப்பில் சோறு வடித்தால் சிலிண்டர் கூடுதலாகச் சில நாள் ஓடும். ஒரே எச்சரிக்கை, தானே புயலை மறந்துவிட்டுப் பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தைப் போடாதீர்கள். விலை குறைவு என்று மெல்லிய கம்பியில் பேனலை நிறுத்தினால் அடுத்த புயலில் அது பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும்.

துறைமுகத்து விசைப்படகுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. நாள்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும் படகை பேட்டரியில் ஓட்டச் சொல்வது ஏசி அறையில் இருப்பவர்கள் பேசும் பேச்சு. ஐஸும் டீசலும் ஏற்றாமல் படகு கிளம்பாது. அவர்களுக்கு வரிவிலக்கு டீசலை இன்னும் பல ஆண்டுகள் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பெரியகுப்பத்துக்கு வருவோம். அங்கே ஏற்கெனவே எடுத்த நிலம் கிடக்கிறது, புதிதாக ஏதாவது வரும் என்கிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கவில்லை. ஆனால் சிப்காட் தொழிற்பேட்டையின் நாற்றத்தைப் பல வருடமாக சுவாசிக்கும் குடிகாடு ஊர்க்காரர்களைக் கேட்காமல் ஆதரிக்கவும் மாட்டேன். கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் தயவுசெய்து பெட்ரோல் விலையைப் பற்றிக் கேட்காதீர்கள். தண்ணீரை எங்கிருந்து எடுப்பீர்கள், கழிவை எங்கே விடுவீர்கள், எத்தனை கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்கும்படி கட்டுவீர்கள், நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலையா இல்லை கான்ட்ராக்ட் கூலியா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.