மூச்சுப் பயிற்சியை போனைப் பார்த்துக் கற்காதீர்கள்

"யோகாவுக்கு வாத்தியார் எதுக்கு, எல்லாம் யூடியூப்ல இருக்கே" என்று வேலூர் காட்பாடியில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. இருக்கிறதுதான். ஆனால் அந்த வீடியோவுக்கு உங்கள் உடம்பைத் தெரியாது. தொடக்கத்தில் நேரில் ஒருவரிடம்தான் கற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பத்மாசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மடங்குவது முட்டி என்றாலும் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. முட்டி கதவுக் கீல் மாதிரி, மடக்கி நீட்டத்தான் வாகானது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு இறுகிப்போனவர் பாதத்தை இழுத்துத் தொடைமேல் போட்டால், அந்த முறுக்கை முட்டிதான் வாங்கும். வலி அன்றைக்கே வராது, அதுதான் ஆபத்து. எதிரே ஆசிரியர் இருந்தால், முட்டி தரையில் படாமல் தூக்கி நிற்பதைப் பார்த்ததுமே, "இது இப்போ வேண்டாம். போர்வையை மடிச்சு அடியில போட்டு, சும்மா சம்மணம் போட்டு உட்காருங்க" என்பார்.

மூச்சுப் பயிற்சி இன்னும் கவலை தருகிறது. சத்துவாச்சாரியில் என் சித்தி பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர். போனைப் பார்த்து, மூச்சை வெடுக்வெடுக்கென்று வெளியே தள்ளும் கபாலபாதியை வேகமாகச் செய்து, தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும். கண் அழுத்த நோய் இருந்தால், தலைகீழாக நிற்கும் சிரசாசனம் கூடவே கூடாது. நல்ல ஆசிரியர் பாய் விரிக்கும் முன்பே இதையெல்லாம் விசாரித்துவிடுவார்.

உலகப் புகழ்பெற்ற யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் 1966-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஏறக்குறைய 600 படங்கள். அதைவிட விரிவாக யாரால் காட்ட முடியும்? அப்படிப்பட்டவரே 1975-இல் புனேவில் நிலையம் தொடங்கி நேரில் சொல்லிக்கொடுத்தார். அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்கு வந்த பிறகு, ஒவ்வொருவரின் வயதையும் உடல்நிலையையும் பார்த்துத் தனித்தனியாகப் பயிற்சி அமைத்தார்.

அதற்காக யாரிடமாவது போய்ச் சேர்ந்தால் போதும் என்று சொல்லவில்லை. யோகா தினமான ஜூன் 21 அன்று மைதானத்தில் மைக் வைத்து நூறு பேருக்குச் சொல்வதும் வீடியோவும் எனக்கு ஒன்றுதான், உங்களை யாரும் பார்ப்பதில்லை. சான்றிதழைவிட, உங்கள் பழைய அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்கிறாரா என்று பாருங்கள். கற்ற பிறகு வீட்டில் தினமும் தனியாகச் செய்யுங்கள், அது அவசியம். மறந்துபோனால் அப்போது வீடியோ பாருங்கள், சரி.

வீடியோவை நம்பும் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். வகுப்புகள் பெரும்பாலும் காலை ஐந்தரை, ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் அவர்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, பத்து மணிக்கு ஒரு வகுப்பு வைத்தால் என்ன? வேலூர் வெயிலுக்கு நிழலான ஒரு சமுதாயக் கூடமும் மின்விசிறியும் போதும். காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் அப்படி எடுப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சித்தியை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.