பாதி ஸ்க்வாட் கணக்கில் சேராது
கிராஸ்ஃபிட் ஓப்பன் என்ற உடற்பயிற்சிப் போட்டியில் வேகம்தான் முக்கியம், ஸ்க்வாட் (குந்தி எழுவது) எவ்வளவு இறங்கினாலும் கணக்கில் சேரும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை நண்பரே. வால்பால் ஷாட்டில், அதாவது கனமான பந்தோடு குந்தி எழுந்து அதைச் சுவர் இலக்கில் எறியும் பயிற்சியில், இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதிக்குக் கீழே போகவேண்டும். பந்தும் குறித்த உயரத்தில் இலக்கைத் தொடவேண்டும். ஒன்று தவறினாலும் நடுவர் 'நோ ரெப்' என்பார், அதாவது அந்த முறை கணக்கில் சேராது. மூச்சு வாங்கப் போட்டது வீண், திரும்பப் போடணும். அவசரக்காரர்களுக்கு நேரம் கூடத்தான் செய்யும். நடுவர் முன் செய்யாமல் வீடியோ அனுப்பினாலும் இதே விதிதான்.

சரிபார்க்க, 2014 ஓப்பனின் நான்காவது பயிற்சியான 14.4-ஐத் தேடுங்கள். அதில் 40 வால்பால் ஷாட் உண்டு, விதிகளும் சேர்ந்தே இருக்கும். உங்கள் ஸ்க்வாட்டையும் போனில் பக்கவாட்டில் எடுத்து, அடியில் நிறுத்திப் பாருங்கள். முன்னாலிருந்து எடுத்தால் எல்லாருமே ஆழமாக இறங்குவதுபோலத்தான் தெரியும்!