ஏழு மாசமா நின்ன 1,200 ரூபா

நேத்து எங்க பெரியம்மாவுக்கு ஓஏபி, அதான் முதியோர் பென்ஷன் பணம் திரும்ப வந்துச்சு. ஏழு மாசம் கழிச்சு. ஊர்ல மளிகைக் கடை திண்ணையில ஒரு தம்பி சின்ன மெஷின் வெச்சுகிட்டு பேங்க் பணம் குடுக்கும், அங்க நான் தான் கூட்டிட்டுப் போனேன். பெரியம்மா வலது கட்டை விரல வெச்சுது, எடுக்கல. முந்தானையில நல்லா தொடச்சிட்டு வெச்சுது, எடுக்கல. இடது கைக்கு மாத்தி ஒவ்வொரு விரலா வெச்சு கடைசியில மோதிர விரலுக்கு தான் எடுத்துச்சு. முப்பது வருஷத்துக்கு மேல புளி தட்டி கொட்டை எடுத்த கை அது. தை மாசம் தொடங்கி சித்திர வரைக்கும் எங்க பக்கம் பொம்பளைங்க பாதி பேருக்கு அது தான் வேலை, விரல் நுனி வழுவழுன்னு ஆயிடும், ரேகை எங்கருந்து வரும்.

பணம் எதுக்கு நின்னுச்சுன்னு சொல்றேன். இத எழுதணும்னு உக்காந்ததே அதுக்கு தான்.

சின்ன பொண்ணு பிரசவத்துக்கு பெரியம்மா பெங்களூர் போய் இருபது நாள் இருந்துட்டு வந்துச்சு. தர்மபுரி கிருஷ்ணகிரி காரங்களுக்கு சொல்லவே வேணாம், வீட்டுக்கு ஒருத்தராவது பெங்களூர்ல கட்டட வேலையிலயோ கம்பெனியிலயோ இருப்பாங்க, போறதும் வர்றதும் சாதாரணம். அந்த நேரத்துல யாரோ விசாரணைக்கு வந்திருக்காங்க, வீடு பூட்டியிருக்கு, "ஊரில் இல்லை"ன்னு எழுதிட்டு போயிட்டாங்க. அவ்வளவு தான். ஒரு கடுதாசி இல்ல, போன்ல ஒரு மெசேஜ் இல்ல. அடுத்த மாசம் பணம் வரல. பெரியம்மா என்னமோ லேட்டு ஆகுதுன்னு நெனச்சுது. ரெண்டாவது மாசமும் வரல. மூணாவது மாசம் தான் எங்கிட்டயே சொல்லுச்சு, அதுவும் "உனக்கு வேலை இருக்கும் கண்ணு, நேரம் இருந்தா கேட்டுப் பாரு"ன்னு.

தாலுக்கா ஆபீஸ்க்கு போனோம். அங்க இருந்த அம்மா நல்லவங்க தான், குறை சொல்ல மாட்டேன், கம்ப்யூட்டர்ல பாத்துட்டு "நிறுத்தம்னு காட்டுது, இ-சேவையில புதுசா மனு போடுங்க"ன்னாங்க. புதுசான்னா எல்லாமே முதல்ல இருந்து. விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தனி தாசில்தார்னு ஒவ்வொரு படியா திரும்ப ஏறணும். எழுபத்தோரு வயசு கெழவி தான் உயிரோட இருக்கேன், இதே ஊர்ல தான் இருக்கேன்னு அலைஞ்சு நிரூபிக்கணும். நிறுத்துனது ஒரு வரியில, திரும்ப வாங்க ஏழு மாசம். நின்ன மாசத்துக்கு எல்லாம் சேத்து 8,400 ரூபா, அது வருமான்னு கேட்டா புது ஆர்டர் போட்ட தேதியில இருந்து தான் கணக்குன்னு சொல்லிட்டாங்க.

எனக்கு தொண்டைய அடைக்கிற விஷயம் இது தான். தொகை கம்மிங்கறத எல்லாரும் பேசுறாங்க, பேசணும். ஆனா இந்த கம்மி தொகையும் சொல்லாம கொள்ளாம நிக்கும், நின்னா அத சரி பண்ற பாரம் முழுக்க நடக்க முடியாதவங்க தலையில விழும், இத பேச ஆளே இல்ல. அரசாங்கத்துக்கு சந்தேகம் வந்தா அரசாங்கம் தானே ரெண்டாவது தரம் வீட்டுக்கு வரணும்? ஒரு நோட்டீஸ் குடுத்து, பதினஞ்சு நாள் டைம் குடுத்து, அப்பறம் நிறுத்துனா என்ன?

காசு விஷயத்துக்கு வர்றேன். 1962ல நம்ம மாநிலத்துல 20 ரூபாயோட ஆரம்பிச்சது முதியோர் பென்ஷன். 2011ல 500ஐ 1,000 ஆக்குனாங்க, அதுக்கப்பறம் 12 வருஷம் அப்படியே கிடந்து 2023ல தான் 1,200 ஆச்சு. முதியோர், விதவை, மாற்றுத்திறனாளின்னு எல்லா பென்ஷனும் சேத்து மாநிலத்துல 30 லட்சம் பேருக்கு மேல வாங்குறாங்க. இதுல மத்திய அரசு பங்கு எவ்வளவு தெரியுமா, 60ல இருந்து 79 வயசு வரைக்கும் 200 ரூபா. 2007ல இருந்து அதே 200. எங்க தர்மபுரி மாவட்டத்துக்கு நூறு நாள் வேலை வந்த 2008ல நாள் கூலி 80 ரூபா, அப்ப அந்த 200ங்கறது ரெண்டரை நாள் கூலி. 2025-26ல அதே வேலைக்கு கூலி 336 ரூபா, இப்ப அந்த 200 ஒரு நாள் கூலிக்கே பத்தல. அதுவும் வறுமைக் கோட்டுக்கு கீழ இருக்கற எல்லாருக்கும் வராது, மாநிலத்துக்கு இத்தனை பேர்னு ஒரு எண்ணிக்கைய டெல்லியில கட்டி வெச்சிருக்காங்க. அதுக்கு மேல போற ஒவ்வொருத்தருக்கும் முழு பணமும் மாநிலம் தான் போடணும். புதுசா ஒருத்தர சேக்கணும்னா பழைய பேர் ஒண்ணு போகணும்ங்கற நெனப்பு கீழ ஆபீஸ் வரைக்கும் வந்துடுது. "யாராவது செத்தா தான் இடம்"னு எங்க ஊர் ஜனங்க பேசிக்கறது சும்மா இல்ல. இதே திட்டத்து காசுல இருந்து 2.83 கோடி ரூபாய வேற திட்டங்களுக்கு விளம்பரம் பண்ண எடுத்துட்டாங்கன்னு அரசாங்க கணக்க தணிக்கை பண்ற சிஏஜியோட அறிக்கை 2023ல சொல்லுச்சு. நாட்டோட கணக்குல அது சின்ன தொகை தான், ஆனா 200 ரூபா கணக்குல வகுத்துப் பாருங்க, ஒன்றே கால் லட்சம் பேரோட ஒரு மாச பங்குக்கு மேல வருது.

பெரியம்மா பையன், எனக்கு அண்ணன், பெங்களூர்ல சாரத்துல இருந்து விழுந்து முதுகுத்தண்டு போச்சு. இடுப்புக்கு கீழ உணர்வு இல்ல. வருவாய்த் துறை வழியா வர்ற மாற்றுத்திறனாளி பென்ஷன் 1,500 ரூபா, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை வழியா கடுமையா பாதிக்கப்பட்டவங்களுக்கு வர்ற பராமரிப்புத் தொகை 2,000 ரூபா. ரெண்டு ஆபீஸ், ரெண்டு மனு, ஆனா ஏதாவது ஒண்ணு தான் வாங்கலாம். ரெண்டு வருஷம் அண்ணன் 1,500 தான் வாங்கிட்டு இருந்தான், 2,000க்கு தகுதி இருக்குன்னு அந்த ஆபீஸ்ல யாரும் சொல்லல, ஒரு முகாம்ல பக்கத்துல உக்காந்திருந்த இன்னொரு மாற்றுத்திறனாளி தான் சொன்னாரு. முகாமுக்கு கூட்டிட்டுப் போக வர ஆட்டோ 600 ரூபா, ஏத்தி எறக்க ரெண்டு ஆளு. அந்த மாதிரி ஒரு மனுஷன் கிட்ட சர்டிபிகேட் அஞ்சு வருஷத்துக்கு தான் செல்லும், திரும்ப வந்து புதுப்பிக்கணும்னு சொல்றாங்க. திரும்ப வராதுன்னு டாக்டரே சொன்ன காலுக்கு எதுக்கு புதுப்பிப்பு, நிரந்தரம்னு எழுதிக் குடுத்தா என்ன.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் 24ஆம் பிரிவு, மத்தவங்களுக்கு குடுக்கறத விட குறைஞ்சது 25 சதவீதம் கூட குடுக்கணும்னு சொல்லுது. 1,200க்கு 25 சதவீதம் கூட்டுனா சரியா 1,500. குறைஞ்சதுன்னு சட்டம் சொன்னத அப்படியே உச்சமா வெச்சுட்டோம்.

எங்க மாவட்டத்துக்குன்னே இருக்கற இன்னொரு வேதனை நிலத்தடி தண்ணியில அளவுக்கு மேல கலந்திருக்கற ஃபுளோரைடு. போர் தண்ணி குடிச்சு பல்லு பழுப்பாகி, அப்பறம் முட்டி பிடிச்சு, முதுகு வளைஞ்சு, கழுத்த திருப்ப முடியாம இருக்கறவங்கள பென்னாகரம், பாலக்கோடு பக்கமெல்லாம் பாக்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் 2013ல வந்துச்சு, ஜப்பான் கடன்ல, பெரிய நன்மை, மறுக்கல. ஆனா அதுக்கு முன்னாடியே வளைஞ்ச முதுகு நிமிராது இல்லையா. சட்டத்துல இருக்கற 21 வகை ஊனத்துல, ஃபுளோரைடால வர்ற இந்த ஃபுளோரோசிஸ்னு ஒரு பேரே இல்ல. கை கால் இயக்கக் குறைபாடுன்னு தான் காட்டணும், மூட்டு எவ்வளவு மடங்குதுன்னு அளந்து சதவீதம் போடணும். எங்க சித்தப்பா அப்படி போனப்ப "வயசானா இப்படித்தான்"னு அனுப்பிட்டாங்க. அவருக்கு அப்ப 52 வயசு. அரசாங்க போர்ல இருந்து வந்த தண்ணி குடிச்சு வந்த வியாதிக்கு 40 சதவீதம் ஊனம்னு கூட சர்டிபிகேட் கிடைக்கல, 40 இல்லன்னா இங்க பென்ஷன் இல்ல, மத்திய அரசு பங்குக்கு 80 வேணும்.

இதுல பக்கத்து மாநிலம் ஆந்திராவ சொல்லாம இருக்க முடியல. எங்க அக்காவ குப்பம் பக்கம் குடுத்திருக்கு, கிருஷ்ணகிரி எல்லை தாண்டுனா அவங்க ஊரு. அங்க 2024 ஜூலையில இருந்து முதியோருக்கு 4,000, மாற்றுத்திறனாளிக்கு 6,000, படுத்த படுக்கையா இருந்தா 15,000. தொகைய விடுங்க, அவங்க நிதி நிலைமை வேற, நம்ம நிலைமை வேற, அது பெரிய வாதம். ஆனா ஒண்ணாம் தேதி காலையில கிராம செயலக ஆளு வீட்டு வாசலுக்கே வந்து கையில குடுத்துட்டு போறாங்க. மாசா மாசம் ஆள நேர்ல பாத்துடறதால இருக்காங்களா இல்லையான்னு தனியா விசாரணையே வேணாம். அக்கா மாமியார் படிய விட்டு எறங்கறதில்ல. எங்க பெரியம்மா ஏழு மாசத்துல பதினோரு தடவ பஸ் ஏறுச்சு.

கீழ வேலை செய்யறவங்கள திட்டி பிரயோஜனம் இல்ல. ஒரு விஏஓ பட்டா பாக்கணும், அடங்கல் எழுதணும், எலக்‌ஷன் வேலை செய்யணும், மழை வந்தா சேதம் கணக்கெடுக்கணும், இதுக்கு நடுவுல தான் பெரியம்மா வீட்டு பூட்டு.

வர்ற திங்கக்கிழம தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுக்கப் போறேன். கேக்கறது மூணு தான். நிறுத்தறதுக்கு முன்னாடி எழுத்துல நோட்டீஸ். தப்பா நிறுத்தியிருந்தா நின்ன மாசத்துக்கும் சேத்து பாக்கி. ரேகை விழாதவங்களுக்கும் படுக்கையில இருக்கறவங்களுக்கும் வீட்டுக்கே பணம். உங்க வீட்லயோ தெருவுலயோ காரணம் சொல்லாம நின்னவங்க இருந்தா பாஸ்புக்ல கடைசியா பணம் ஏறுன பக்கத்த போட்டோ எடுத்து இன்பாக்ஸ்ல அனுப்புங்க, ஆதார் நம்பர் மட்டும் மறைச்சுடுங்க. ஞாயித்துக்கிழம சாயங்காலத்துக்குள்ள வந்தா பிரிண்ட் எடுத்து மனுவோட சேத்துடறேன். காலையில ஒம்பதுக்கெல்லாம் அங்க இருப்பேன், பெரியம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்கு.